சோத்துக்குள்ள ஒரு மேப்!

அசோக் பில்லர் பக்கம் மெஸ்ல ஃபுல் மீல்ஸ் கட்டுற பார்ட்டியா நீங்க? அப்போ இந்த வாரம் உங்க இலையில இருக்குற சோத்தைப் பத்திதான் பேச்சு!

நெல்லோட ஜீனோம் ஒரு குண்டு புத்தகம் பாஸ். நாலே எழுத்து திரும்பத் திரும்ப வந்து மொத்தம் சுமார் 39 கோடி எழுத்து, 12 குரோமோசோம். 1998-ல ஜப்பான் தலைமையில பல நாடுகள் சேர்ந்து இதைப் படிக்க ஆரம்பிச்சாங்க. 11-வது குரோமோசோம்ல ஒரு பகுதியை முடிச்சது நம்ம டெல்லி விஞ்ஞானிகள். 2005-ல முழு மேப்பும் ரெடி!

'மேப் போட்டு என்ன கிழிச்சாங்க?'னுதானே கேக்குறீங்க? 2015 டிசம்பர் மழையில அசோக் நகர் தெருவெல்லாம் தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? நாம மாடிக்கு ஓடிட்டோம். வயல்ல நிக்கிற நெல்லு எங்க ஓடும்? முழுகினதும் தலையை வெளிய நீட்ட மளமளன்னு வளரும். சேர்த்து வெச்ச சத்தெல்லாம் அதுலயே தீர்ந்துடும். தண்ணி வடியறப்போ பயிர் காலி. டெல்டா பக்கத்து ஃப்ரெண்டைக் கேளுங்க, கதை கதையா சொல்வான்.

ஆனா ஒடிசாவோட பழைய ரகம் எஃப்.ஆர்.13ஏ படு கில்லாடி. முழுகினா வளராம கம்முனு கிடக்கும். ரெண்டு வாரம் கழிச்சு தண்ணி வடிஞ்சாலும் எழுந்து நிக்கும்! அதுக்குக் காரணமான சப்1ஏ ஜீன் 9-வது குரோமோசோம்ல இருக்குனு 2006-ல சொன்னாங்க. அப்புறம் வழக்கமான ஒட்டுச்சேர்க்கைதான். எந்த நாத்துல அந்த ஜீன் வந்திருக்குனு டி.என்.ஏ. டெஸ்ட்ல பார்த்துப் பொறுக்கினாங்க. 2009-ல இந்தியாவுல ஸ்வர்ணா சப்1 ரிலீஸ். பின்னாடி நம்ம டெல்டாவுக்கு சி.ஆர்.1009 சப்1.

இங்கதான் ட்விஸ்ட்! 2005-ல போட்ட மேப், நிப்பான்பாரேங்கிற ஜப்பான் ரகத்தோடது. அதுல சப்1ஏ ஜீனே கிடையாது! ஒடிசா விவசாயிங்க அந்தப் பழைய விதையை விட்டிருந்தா, மேப்பை மட்டும் வெச்சுக்கிட்டுத் தேடியிருந்தாலும் சிக்கியிருக்காது. 2014-ல 89 நாடுகளோட 3,000 நெல் வகைகளைப் படிச்சு முடிச்சதுக்கும் இதான் காரணம். ஒரு ரகத்துல இல்லாதது இன்னொண்ணுல இருக்கும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா தாத்தாகிட்ட 'அப்போ என்ன நெல்லு போட்டீங்க?'னு கேளுங்க. பேரை நோட்ல எழுதுங்க. அந்த விதை இன்னும் யார் வீட்டுக் குதிர்லயாவது இருக்கானும் விசாரிங்க. தொலைஞ்சு போன விதையை எந்த லேப்ல போய்ப் படிக்கிறது, சொல்லுங்க?