காட்டுக்கோழிக்கு வேறு நாடு இல்லை

விடியற்புறம் குளத்துக்கு அப்பாலிருந்து வரும் காட்டுக்கோழியின் கூவலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இப்பறவை இலங்கைத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்? நாட்டின் தேசியப் பறவையும் இதுவே. இந்தியக் காடுகளில் உள்ளவை வேறு இனங்கள். சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் படர்ந்திருந்தால் அது நம்முடைய சேவல்.

இது அதிகம் பறவாத பறவை. துரத்தினால் படபடவென எழுந்து சிறிது தூரத்தில் பற்றைக்குள் இறங்கிவிடும். இரவில் மரக்கிளையில் அடையும். மற்றப்படி தரையைக் கிளறி விதையும் கறையானும் தின்பதே அதன் சீவியம். முட்டையிடுவதும் பெரும்பாலும் தரையிலேதான். பற்றை போனால் அதற்குப் போக்கிடமில்லை. மொரிசியஸ் தீவில் பறக்கவே இயலாத டோடோ இருந்தது. 1598இல் ஒல்லாந்தர் அங்கு இறங்கிய பின் அது நூறாண்டு தாங்கவில்லை. பிடித்துத் தின்றவர்களைவிட, கப்பலில் வந்த பன்றியும் எலியும் காடழிப்புமே அதற்குக் கூடுதல் கேடு செய்தன.

காட்டுக்கோழி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை; அருகிவரும் இனங்களின் பட்டியலிலும் இல்லை. அதைச் சொல்லியே சிலர் சுருக்கு வைக்கிறார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பசிக்குப் பிடித்தவர்களை நான் குறைகூறமாட்டேன். இன்று விலைபேசி விற்பது வேறு விடயம். கம்பிச் சுருக்கு ஆள் பார்ப்பதுமில்லை. இந்நாட்டில் சிறுத்தைகள் பல மடிவதும் அதிலேதான். தாய்ப்பறவையை விட்டுவிடச் சொல்லும் இணைச்சட்ட நூலின் கட்டளையைச் சுருக்கினால் எப்படிக் கைக்கொள்ள முடியும்?

2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது வளவுகள் காடாய்க் கிடந்தன. வெட்டித்தான் குடியேறினோம், அது நியாயம். ஆனால் துப்புரவு என்ற பெயரில் குளத்தின் மேற்புறப் பற்றையையும் வழித்தெடுப்பது நியாயமல்ல. வண்டல் குளத்துக்குள் இறங்காமல் மறித்து, காற்றையும் தணிப்பது அந்த மரவரிசைதான். நமது கோழி வளர்ப்புத் திட்டங்களிலும் கவனம் வேண்டும். காட்டோரத்தில் ஊர்க்கோழியை அவிழ்த்துவிட்டால் இரண்டும் கலக்கும், நோயும் தொற்றும். கூடு அடித்துக் கொடுப்பதையும் திட்டச் செலவில் சேர்க்கலாம்.

அடுத்த குளப் புனரமைப்புக் கூட்டத்தில் அணைக்கட்டின் நீளம் அகலத்தோடு, மேற்புறத்தில் எவ்வளவு பற்றையை விடுவது என்பதையும் கமக்காரர் அமைப்புகள் தீர்மானமாக எழுதுவார்களா?