அளவுகோல் எவர் கையில்?

கடலூர்ச் செம்மண்டலத்துக் கரும்பாராய்ச்சி நிலையத்திலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால் திருவந்திபுரத்துக் குன்று தோன்றும். கோயிலுக்கும் திருமணங்களுக்கும் பெயர்பெற்ற அவ்வூர் உலக நில அளவை வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர் என்பதைக் கடலூர்த் தமிழருள்ளேயே பலர் அறியார். வில்லியம் இலாம்டன் என்னும் ஆங்கிலப் படையலுவலர், 1802 ஏப்பிரல் 10-இல் சென்னையில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை நீண்ட அப்பேரளவையின் முதல் தென்வடல் வில், தெற்கே திருவந்திபுரத்திற் காலூன்றியே வடக்கே சென்றது. தஞ்சைத் தட்டைநிலத்தில் குன்றுகள் இல்லாமையால் கோபுரங்களே அவர்க்குக் குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றுங்கால், ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள கோணமானி கயிறறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. நிலம் தமிழனுடையது, கோபுரம் தமிழனுடையது, கயிறிழுத்த தோள்களும் பெரும்பாலும் தமிழனுடையவாகவே இருந்திருத்தல் வேண்டும். கணக்கு மட்டும் இலண்டனுக்குச் சென்றது.

இலாம்டனுக்கு எண்ணூறாண்டு முன்னரே நாடளந்தவர் தமிழர். முதலாம் இராசராசன் சோழநாட்டு நிலங்களை அளப்பித்தான். 1086-இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தான். மா, காணி, முந்திரி எனக் கீழ்வாயெண் கொண்டு நிலத்தின் மிகச் சிறு கூற்றையும் கணக்கில் ஏற்றினர். ஆயினும் அவ்வளவையில் போற்றத்தக்கது அதன் நுண்மை மட்டுமன்று. நிலமளந்த கோலின் நீளம் கோயிற் சுவரில் வெட்டிவைக்கப் பெற்றது. இன்றும் அத்தகைய கோற்குறிகளைப் பல ஊர்க் கோயில்களிற் காணலாம். ஐயங்கொண்ட உழவன் அளந்தவனுடைய கோலைக் கொணர்ந்து அச்சுவரோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லலாம். அளப்பவன் அரசனே ஆயினும் அளவுகோல் ஊரார் கண்முன் நின்றது.

இன்றைய அளவுகோல் மண்ணில் இல்லை. இருபதாயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில் சுழலும் அமெரிக்கப் படைத்துறையின் புவியிடங்காட்டிக் கோள்களும், உருசியா, ஐரோப்பா, சீனம், இந்தியா ஆகியவை ஏவிய கோள்களும் இடையறாது வீசும் அலைகளே இன்றைய கோல். 2000-ஆம் ஆண்டு மே திங்கள் வரை, பொதுமக்கள் பெறும் அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிற்று. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் அதனை நீட்டவும் குறுக்கவும் வல்லன் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அப்பிழை நீங்கிய பின்னும் கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் விலகியே நிற்கும். வரப்பின் அகலமே ஒரு முழமாகவுள்ள நாட்டில் அவ்வளவை அண்டை வீட்டானோடு வழக்காடுதற்கே பயன்படும். அதனைச் செப்பஞ் செய்யும் வழி எளியது. மொட்டைமாடியில் வானம் தடையின்றித் தெரியுமிடத்தில் அசையாக் குழாயொன்றை நட்டு, ஆண்டெனா என்று கடைக்காரர் கூறும் அலைக்கொம்பை அதன்மேல் நிறுத்துக. இரட்டை அலைவரிசை வாங்கி ஒன்றும் உள்ளங்கையளவு கணினி ஒன்றும் அதனோடு இணைக்கப்பெறும். கொம்பு நிற்குமிடம் முன்னரே நுண்ணிதாகக் கணிக்கப்பெற்றது. ஆதலின் கோள்கள் காட்டும் இடத்துக்கும் மெய்யிடத்துக்கும் உள்ள வேறுபாடே அந்நொடியின் பிழை. பத்துக் கல் தொலைவில் உழும் டிராக்டரின் வாங்கிக்கும் ஏறக்குறைய அதே பிழைதான். வீட்டு நிலையம் தன் அளவைகளை இணையத்தின் வழியோ, உரிமம் வேண்டாத 865-867 மெகாஏர்ட்சு வானொலியலை வழியோ அனுப்புகின்றது. ஏர்முனை தானிருக்கும் இடத்தை ஒரு விரலகலப் பிழைக்குள் அறிந்துகொள்கின்றது. இவ்வீட்டு நிலையத்தை அடிநிலையம் என்க.

வணிக நிறுவனங்கள் இதனை இலக்கக் கணக்கில் விலைவைத்து விற்கின்றன. திருத்தம் பெற ஆண்டுதோறும் கட்டணமும் கேட்கின்றன. யூ-பிளாக்சு என்னும் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வாங்கிச் சில்லு வந்தபின் அதே பணியைச் சில பத்தாயிரம் உருபாவில் முடிக்கலாம். கணக்கிடும் மென்பொருளைச் சப்பானியர் தோமோசி தகாசு எழுதி விலையின்றி உலகுக்கு அளித்துவிட்டார். கனடாவின் பிரையன் திசுலர் என்னும் உழவர் டிராக்டரைத் தானே செலுத்தும் மென்பொருளை ஆக்கிப் பொதுவில் வைத்தார். பிரான்சில் 2019 முதல், வேளாண் ஆராய்ச்சி நிறுவனமொன்றின் துணையோடு, உழவரும் ஊராட்சிகளும் தத்தம் கூரைமேல் கொம்பு நட்டுச் 'சாந்திபேட்' என்னும் பொது வலையமைப்பை உருவாக்கியுள்ளனர். அந்நாட்டு உழவன் செய்துகொண்டதைத் தமிழ் உழவன் செய்யவொண்ணாதோ?

தடை இருந்தது உண்மையே. நுண்ணளவைக்கும் வரைபடத்துக்கும் தில்லியின் இசைவு வேண்டும் என்ற நிலை 2021 பிப்ரவரி 15-இல் வெளிவந்த நெறிமுறைகளால் பெரிதும் தளர்ந்தது. நடுவண் அரசின் நில அளவைத் துறை இந்தியா முழுதும் ஏறத்தாழ ஆயிரம் நிலையங்களைத் தானே நிறுவியுமுள்ளது. நல்ல பணியே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவை நெடுந்தொலைவு இடைவிட்டு நிற்பவை. தமிழ்நாடோ காந்த நடுக்கோட்டை அடுத்துக் கிடக்கும் நிலம். கதிரவன் மறைந்தபின் மேல்வானின் மின்னூட்ட அடுக்கு இங்குக் கொந்தளித்து அலைகளைச் சிதறடிக்கும். ஞாயிற்றின் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அஃது இன்னும் கடுமை. ஐரோப்பிய உழவனுக்கு முப்பது கல் தொலைவு நிலையம் போதும் என்றால், சிதம்பரத்து உழவனுக்கு அதனினும் அண்மையில் நிலையம் வேண்டும். வெளிநாட்டு விளக்க நூல்கள் இதனைப் பெரிதாகச் சொல்வதில்லை.

ஒரு காணி நிலமுடையவனுக்குத் தானியங்கும் டிராக்டர் எதற்கு என்ற வினா எழும். எழவேண்டிய வினாவே. அவனுக்குத் தனியே வேண்டா. ஆனால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களில் கொள்ளிடக் கடைமடையில் ஐப்பசி கார்த்திகையில் நிற்கும் நீர் எவ்வழி வடியும் என்பது ஊர் முழுமைக்கும் உயிர்க்கேள்வி. வடிகாலின் சாய்வு அங்கு விரற்கணக்கில் அமைவது. தூர்ந்த இடம் எது, மேடிட்ட இடம் எது என்று அளந்து வரைய ஊருக்கொரு வாங்கியும் சுற்றுவட்டாரத்துக்கு ஓர் அடிநிலையமும் போதும். கரும்பு வெட்டும் பொறிக்கு ஏற்ற இடைவெளியில் சால் பிடிக்க நெல்லிக்குப்பம் பக்கத்து உழவர்க்கும் அதே நிலையம் உதவும். 2004-05-இல் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் தொடங்கிய நுண்வேளாண்மைத் திட்டம் சொட்டுநீரையும் உரத்தையும் அளந்தது. நிலத்தின் மேடுபள்ளத்தை அளப்பது அடுத்த படி.

உயரத்தில் ஒரு பொறி உண்டு. கோள்கள் காட்டும் உயரம் கடல்மட்டத்தினின்று எண்ணப்பெறுவதன்று. கணிதமுறையில் வகுத்த முட்டையுருவின் மேற்பரப்பினின்று எண்ணப்பெறுவது. புவியீர்ப்புக் குறைவால் தென்னிந்தியக் கடற்பரப்பு அவ்வுருவுக்கு மிகக் கீழே தாழ்ந்துள்ளது. கடலூரில் கருவியை முதன்முறை இயக்குபவன் தன் வீடு தொண்ணூறு மீட்டர் அளவு பள்ளத்தில் இருப்பதாகக் கண்டு திடுக்கிடுவான். கருவி பழுதன்று, வேறுபாட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதனைத் தமிழில் எடுத்துரைக்கும் உழவர் கையேடு வேண்டாவா?

கொம்பின் மெய்யிடத்தை அறியும் முறையோ இன்னும் நாணத்தக்கது. ஒரு நாள் முழுதும் பதிந்த அலைக்கணக்கைக் கனடா அரசின் கணிப்புப் பணிக்கு இணையத்தில் அனுப்பினால், அது விலையின்றி விடை தருகின்றது. விடை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வரும். அந்நாட்டில் சிறுபான்மையர் மொழிக்கும் அத்தகைய இடமுண்டு. தில்லைக்கு அருகே தன் வீடு எங்குள்ளது என்பதைத் தமிழன் ஒட்டாவாவைக் கேட்டு அறிகின்றான். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தார் நினைத்தால் இப்பணியைத் தமிழிலேயே செய்து தரலாகாதா?

2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின்மேல் நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் மண்வாரிப் பொறிகள் ஏறின. உழவர் கையில் அளவைக் கணக்கு இருந்திருப்பின் அது நின்றிருக்கும் எனல் மிகை. வீட்டு அடிநிலையத்தின் எண்களை வழக்குமன்றம் எல்லைச் சான்றாக ஏற்காது. ஆயினும் தன் நிலத்தின் எல்லையும் மட்டமும் தன்னிடமே எழுத்தில் உள்ளவனோடு பேசுதல் வேறு. ஒன்றுமறியாதவனோடு பேசுதல் வேறு.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில், பண்ணுருட்டி ஆகிய ஐந்திடத்து நிலையங்கள் மாவட்டத்தின் பெரும்பகுதிக்குத் தொடக்கமாகும். பள்ளிக் கூரைகளே அவற்றுக்கு ஏற்ற இடம். மாணவர்க்கும் அது பாடமாகும். நிலையத்தின் இருப்பெண்கள் மூன்றையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லாரும் காண எழுதிவைத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. 2011 திசம்பர் 30-இல் தானே புயல் கடலூரை எவ்வாறு சிதைத்தது என்பதைக் கண்டவர் இன்றும் உளர். கொம்பு ஒரு சாண் நகர்ந்தால் அதனை நம்பிய வயல்களின் அளவெல்லாம் எதிர்த்திசையில் ஒரு சாண் நகரும். பிழையென்று எவர்க்கும் தோன்றாது. ஆதலின் கொம்பின் நேர்கீழே தளத்தில் ஓர் ஆணி அறைந்து, தூக்குநூல் விட்டுப் பார்த்து, புயலடித்த மறுநாளே சரிபார்த்த பின்னர்த்தான் நிலையத்தை மீண்டும் இயக்குதல் வேண்டும்.