கரிசல் காட்டுக்குப் படகு எதற்கு?

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் படகைப் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வீர்கள். திருச்சுழிப் பக்கம் குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கிறது. கண்மாய்களில் தண்ணீரைவிட சீமைக் கருவேலம் அதிகம். இந்த ஊருக்குப் படகு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் நம் பக்கத்து மழையின் குணம் உங்களுக்குத் தெரியும். பதினோரு மாதம் ஏமாற்றிவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் நாலு நாளில் கணக்கைத் தீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நமக்கெல்லாம் அது ஒரு வருஷ மழைக்குச் சமம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அதுவும் வறண்ட சீமைதான், தேரிக்காடும் பனையும் உள்ள பூமிதான். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலை நம் ஊரை ஒட்டித்தான் போகிறது. அந்த மேகம் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் நாமும் மொட்டை மாடியில் நின்று படகு வருமா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊருக்குள் இறக்கினார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் இதுவே நடந்தது. மீனவர்களின் துணிச்சலை எல்லோரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு காரணத்தை யாரும் பேசவில்லை. அவர்களுடைய இன்ஜின் நேற்றும் ஓடியது, முந்தாநாளும் ஓடியது. அதனால் அன்றைக்கும் ஓடியது.

உள்நாட்டில் அவசரத்துக்கென்று வாங்கி வைக்கும் படகின் கதை வேறு. அது 360 நாள் கொட்டகையில் தூங்குகிறது. எழுப்புகிற அன்றைக்கு ஒரே இழுப்பில் எழுந்தாக வேண்டும். கூரை மேல் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்போது கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. தூங்கும் படகைக் காப்பாற்றுவது பெயின்டும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. டாங்கில் இருக்கும் பெட்ரோலும், அந்த டாங்க் மூச்சு விடுகிற சின்னத் துளையும்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். டாங்கின் காற்றுத் துளைக்குப் பிரெஞ்சில் 'ஏவான்' என்று பெயர். திமிங்கிலத்தின் தலையில் இருக்கும் மூச்சுத் துளைக்கும் அதே சொல்தான். அதே வேரிலிருந்து வரும் 'ஏவாந்த்தே' என்ற சொல்லுக்கு, காற்றுப்பட்டு வீரியம் போனது என்று அர்த்தம். மூடி திறந்து கிடந்த அத்தருக்கும் ஒயினுக்கும் அதைச் சொல்வார்கள். துளை இல்லாவிட்டால் மூச்சு முட்டும். துளை வழியே காற்றுப் போய்வந்தால் சரக்கு கெடும். பெட்ரோல் டாங்கின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பிரெஞ்சு வேண்டாம், கண்மாய் போதும். கண்மாய்க்கு மடையும் உண்டு, கலுங்கும் உண்டு. கலுங்கை அடைத்துவிட்டால் ஒரு பெருமழையில் கரை உடையும். பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். வெயில் ஏறினால் பெட்ரோல் விரியும். 24 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அரை லிட்டர் கூடும். அதோடு ஆவியும் சேர்ந்து அழுத்தும். சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் டாங்குக்கு 20 டிகிரி ஒரு பெரிய விஷயமே இல்லை. ராத்திரி குளிர்ந்தால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கும். காற்றோடு ஈரமும் தூசியும் போகும். பகலில் விடுவதும் இரவில் இழுப்பதுமாக டாங்க் நாள்தோறும் மூச்சு விடுகிறது.

சிறு படகுகளில் டாங்க் இரண்டு வகை. ஒன்று படகோடு சேர்த்துப் பொருத்தியது. இதன் காற்றுக் குழாய் படகின் பக்கவாட்டில் வெளியே திறந்திருக்கும். அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். தூசி போகிறது, பூச்சி போகிறது என்று துணியை வைத்து அடைக்கக் கூடாது. ஆனால் பூச்சி போவதும் உண்மைதான். குளவிக்கு அந்த அளவுத் துளை மிகவும் பிடிக்கும். நம் வீட்டுச் சாவித் துவாரத்திலேயே மண் வைத்துக் கூடு கட்டுகிறதே! அதற்குப் பொடிக் கம்பி வலை போட்டு, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொரு வகை, கையில் தூக்கி வைக்கும் டாங்க். அவுட்போர்டு இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் இதுதான். மூடியின் மேல் ஒரு சிறு திருகு இருக்கும். இன்ஜின் ஓடும்போது அதைத் திறக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போகும்போதும் எடுத்து வைக்கும்போதும் மூட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். அதனால்தான் அந்த டாங்க் வெயிலில் இருக்கக் கூடாது, விளிம்பு வரை நிரம்பியும் இருக்கக் கூடாது. ரப்பர் குழாயை இன்ஜினிலிருந்து கழற்றிவிடுவதும் இதற்காகத்தான். கழற்றாவிட்டால் அந்த அழுத்தம் குழாய் வழியே பெட்ரோலை இன்ஜினுக்குள் தள்ளிவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு படகு இருந்தது. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் அதற்கு எப்போதும் ஒரே குறிப்புதான்: "படகு 1, இன்ஜின் 1, டாங்க் 1, இருப்பில் உள்ளது." பொய் இல்லை, இருந்தது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஒத்திகைக்காக ஆற்றில் இறக்கினார்கள். பத்துப் பதினைந்து இழுப்பில் கிளம்பியது. மூன்று நாலு நிமிஷம் ஓடி, நடு ஆற்றில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தால் கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். அதிகாரிகள் கரையில் நின்று இன்ஜின் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த மீனவர் ஒருவர் நீந்திப் போய் ஏறினார். மூடியின் திருகை இரண்டு சுற்றுத் திருப்பினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டதாம். அப்புறம் இன்ஜின் நிற்கவில்லை. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வழியில்லை. உள்ளே வெற்றிடமாகி, பம்பினால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கரைக்கு வந்த பிறகு அவர் கார்புரேட்டரையும் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள் நிறத்தில் வார்னிஷ் பூசினதுபோல் ஒட்டியிருந்தது. மாசக்கணக்கில் நின்ற பெட்ரோலின் வேலை அது. லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். குண்டூசி முனை அளவுள்ள ஜெட் துளையில் அந்தப் பிசின் உட்கார்ந்தால் இன்ஜின் கிளம்பாது. "பழைய எண்ணெயைப் போட்டுப் புது இன்ஜின்னு சொல்றீங்களே சார்" என்றார் அவர்.

இப்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. 2022 ஜூனில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பை அறிமுகப்படுத்தினார்கள். இப்போது பங்கில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். கரும்பு விவசாயிக்கு நல்லதா, அந்நியச் செலாவணிக்கு நல்லதா என்பது வேறு விவாதம். நிறுத்தி வைக்கும் இன்ஜினுக்கு மட்டும் அது கூடுதல் கவனம் கேட்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? முதல் வாய்க்கே தண்ணீர் போகும். தினம் ஓடுகிற பைக்கில் இது பெரிய பிரச்சினை இல்லை. வாங்கின பெட்ரோல் நாலு நாளில் தீர்ந்துவிடும். ஆறு மாதம் தூங்கும் படகுக்கு இது பெரிய பிரச்சினை.

செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் ஒன்றும் இல்லை. தூக்கும் டாங்க் என்றால், படகை நிறுத்தி வைக்கும் காலத்தில் அதில் பெட்ரோல் வைக்காதீர்கள். ஆயில் கலக்காத பெட்ரோலாக இருந்தால் ஏதாவது வண்டிக்கு ஊற்றித் தீர்த்துவிடலாம். பொருத்திய டாங்கை எளிதில் காலி செய்ய முடியாது. அதை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். காலியிடம் குறைந்தால் உள்ளே போய்வரும் காற்றும் ஈரமும் குறையும். பாதி டாங்க்தான் மோசம், அது இரண்டும்கெட்டான்.

இன்ஜினைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் வைத்து ஓட்டி, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை விட்டால் கார்புரேட்டரும் ஏறக்குறைய வற்றிவிடும். அடியில் இருக்கும் திருகைக் கழற்றி மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் நொடிகளில் கருகிவிடும். பெட்ரோல் நிரப்பும்போது டாங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் குளம்போலத் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

காலி டாங்க்தானே என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. உள்ளே பெட்ரோல் இல்லை, ஆனால் ஆவியும் காற்றும் வெடிக்கிற அளவில் கலந்திருக்கும்.

எங்களிடம் படகு ஏது என்பவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், கல்யாணத்துக்கு வாங்கிய சின்ன ஜெனரேட்டர், வெளிநாடு போன மகன் நிறுத்திவிட்டுப் போன பைக் என்று ஏதாவது ஒன்று நம் எல்லார் வீட்டிலும் தூங்குகிறது. அதற்கும் இதே விதிதான். சமையலறை ஓரத்தில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக மூடிய பாத்திரமாக இருக்க வேண்டும். உலோகம் என்றால் 25 லிட்டருக்குள், கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்குள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

கடைசியாக ஒரு குமாஸ்தாவின் யோசனை. அரசாங்கப் பதிவேட்டில் "இருப்பில் உள்ளது" என்று எழுத இடம் இருக்கிறது. "ஓடுகிறது" என்று எழுத இடம் இல்லை. அவசரப் படகு வைத்திருக்கும் எந்த அலுவலகமானாலும் பதிவேட்டில் நாலு கலம் கூடுதலாகப் போட்டால் போதும். பெட்ரோல் ஊற்றிய தேதி, பழையதை வடித்த தேதி, காற்றுத் துளையைச் சோதித்தவர் கையெழுத்து, இன்ஜினை டிரம்மில் பத்து நிமிஷம் ஓட்டிய தேதி. மாதம் ஒருமுறை. இதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல். பத்து நிமிஷம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், திருகு மூடியிருந்தாலும் மூன்று நாலு நிமிஷம் இன்ஜின் ஓடிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். கடல் திறக்கும் தேதி அவர்களுக்குத் தெரியும், அதற்குள் தயாராகிவிடுகிறார்கள். நமக்கு வெள்ளம் வரும் தேதி தெரியாது. தேதி தெரியாதவன் எல்லா மாதமும் தயாராக இருக்க வேண்டியதுதான். ஐப்பசி பிறப்பதற்குள் யாராவது போய் அந்தத் திருகைத் திருப்பிப் பார்த்தால் நல்லது.