சோக் இல்லாத சோடியம் விளக்கு

நம் இதழுக்கு வந்துசேரும் படங்களைப் பார்க்கும்போது பல நேரம் கைதட்டத்தான் தோன்றுகிறது. காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த தெருவிளக்கு ஃபிட்டிங்கை எடுத்துவந்து, ஒடுக்கு நீக்கி, கிளிப் மாற்றி, கம்பெனியில் அடித்ததைவிட நேர்த்தியாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால்தான் சிக்கல். சோக் இருந்த இடம் காலி. இக்னைட்டரும் இல்லை, கண்டன்சரும் இல்லை. இ40 ஹோல்டரில் சோளக்கதிர் மாதிரி ஒரு எல்.இ.டி. பல்பு உட்கார்ந்திருக்கிறது. படத்தின் அடியில் ‘சோடியம் விளக்கு, 250 வாட், புதுப்பித்தது’ என்று குறிப்பு.

அதைச் சோடியம் விளக்கு என்று அச்சிட எங்களுக்கு மனம் வரவில்லை.

சுவிட்சைப் போட்டதும் இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை அனுப்ப வேண்டும். பீங்கான் குழாய்க்குள் செனான் வாயு பற்றிக்கொண்டு வெளிறிய வெள்ளையாக மினுங்கும். பாதரச ஆவி எழும்போது நீலம் கலக்கும். பிறகு சோடியம் கிளம்பி மஞ்சளாகி, நாலைந்து நிமிடத்தில் நாம் எல்லாரும் பார்த்து வளர்ந்த பொன்னிறத்தில் நிலைக்கும். அவ்வளவு நேரமும், அதற்குப் பிறகும், மின்னோட்டத்தை மீறவிடாமல் பிடித்து வைத்திருப்பது சோக். அதன் முனகலும் சூடும் எடையும் சேர்ந்ததுதான் அந்த விளக்கு. ரிஃப்ளெக்டரின் வளைவுகூட, விரல் பருமனில் உள்ள அந்தப் பீங்கான் குழாய் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டு வளைத்தது. அங்கே பருத்த எல்.இ.டி. கதிரைச் செருகினால், சாலை நெடுகப் பரவ வேண்டிய வெளிச்சம் கண்டபடி சிதறுகிறது. காற்றுப் புகாத கூட்டுக்குள் அந்த பல்பும் சூடு தாங்காமல் சீக்கிரம் போய்விடுகிறது. இக்னைட்டரைக் கழற்ற மறந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

சோக் ஏன் கிடைப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்த கதைதான். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 1.3 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் ஏறின. மின்கட்டணம் குறைந்தது, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. இறங்கிய ஃபிட்டிங்குகள் இரும்பு விலைக்கு ஏலத்தில் போகின்றன. காயலான் கடையில் முதலில் உடைபடுவது சோக், ஏனென்றால் உள்ளே செம்புக் கம்பி. அடுத்தது அலுமினியக் கூடு. கண்ணாடியை யாரும் சீந்துவதில்லை. நாம் போய்ச் சேர்வதற்குள் கூடு மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவே அதிர்ஷ்டம். (வாங்கும்போது ஏலச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிய சரக்கும் சந்தையில் உண்டு.)

அதனால் கூட்டை வாங்கும் கையோடு சோக்கையும் தேடுங்கள். சோடியத்துக்கு இன்னும் கடைகளில் கிடைக்கிறது. மெர்க்குரிக்குத்தான் காலம் குறைவு. அமெரிக்காவில் மெர்க்குரி சோக்குகளைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் 2008இலேயே தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அந்த விளக்குகளையே நிறுத்தியது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை, பொதுப் பயன்பாட்டு மெர்க்குரி விளக்குகளுக்கு 2020ஐ எல்லையாக வைத்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. தாழ்அழுத்த சோடியத்தின் நிலை இன்னும் பரிதாபம். 1932இல் நெதர்லாந்தில் பேக், கெலேன் ஊர்களுக்கு இடைப்பட்ட சாலையில் முதலில் எரிந்து, பிரிட்டன் முழுவதையும் பல பத்தாண்டுகள் ஒற்றை மஞ்சளில் குளிப்பாட்டிய விளக்கு அது. இன்று அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அங்குள்ள சேகரிப்பாளர்கள் கையிருப்பை எண்ணி எண்ணித்தான் எரிக்கிறார்கள்.

சோக் கிடைத்ததும் வாட் எண்ணை மட்டும் பார்த்து மாட்டிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. 250 வாட் மெர்க்குரி சோக் தருவது சுமார் 2.15 ஆம்பியர், 250 வாட் சோடியம் சோக் தருவது 3 ஆம்பியர். முதலாவதில் சோடியம் விளக்கை மாட்டினால், எரிந்தாலும் முழு வெளிச்சத்துக்கு வராது. இரண்டாவதில் மெர்க்குரி விளக்கை மாட்டினால், அது வேண்டாத மின்னோட்டத்தைக் குடித்து ஆயுளை முடித்துக்கொள்ளும். மெர்க்குரிக்கு இக்னைட்டரும் தேவையில்லை. தொடங்கிவைக்கும் துணை மின்முனை குழாய்க்குள்ளேயே இருக்கிறது. மெர்க்குரி சோக்கிலேயே எரியும்படி தனியாகச் செய்த சோடியம் விளக்குகளும் உண்டு; அவற்றை அட்டைப்பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும். ஆகவே பார்க்க வேண்டியது ஆம்பியர்: 70 வாட் சோடியத்துக்கு 0.98, 150க்கு 1.8, 125 வாட் மெர்க்குரிக்கு 1.15. பல மழை பார்த்த சோக் என்றால் மெகர் வைத்துக் காப்புத் தடையைப் பார்க்காமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். வெளிக்கண்ணாடி உடைந்த மெர்க்குரி விளக்கு பல சமயம் தொடர்ந்து எரியும்; வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் புற ஊதாக் கதிர் கண்ணைப் பதம்பார்த்துவிடும். 1979க்கு முந்தைய அமெரிக்க சோக், கண்டன்சர்களில் பி.சி.பி. நஞ்சு எண்ணெய் இருக்கலாம். கசிவு தெரிந்தால் கை வைக்க வேண்டாம்.

துடைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், பாழாய்ப்போன ரிஃப்ளெக்டர்களை அத்தனை பார்த்தாகிவிட்டது. அலுமினிய ரிஃப்ளெக்டரின் மேல் உள்ள அனோடைஸ் பூச்சு சில மைக்ரான்தான். வெண்கல விளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தாலும், தேங்காய் நார், பாத்திரப் பொடி என்று இறங்கினாலும் அது போய்விடும். காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியமே கரையும். பிறகு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் பழைய பூச்சு வராது. வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு மென்சோப்பு, பருத்தித் துணி. அதற்கும் போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும். கூட்டின் மேல் உள்ளாட்சி அமைப்பு பெயின்டில் எழுதிய கம்ப எண்ணுக்கும் இதே சலுகை தரலாம்.

லாஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் ‘அர்பன் லைட்’ பற்றிச் சிலர் கேட்கிறார்கள். 1920, 30களைச் சேர்ந்த 202 வார்ப்பிரும்புத் தெருவிளக்குகளைச் சேர்த்து, பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடித்து, 2008இல் சிற்பி கிறிஸ் பர்டன் நிறுத்திய படைப்பு அது. 2018இல் அதன் பல்புகளும் எல்.இ.டி. ஆயின. சிற்பமாக அதன் அழகில் நமக்கு ஐயமில்லை. எந்தக் கம்பம் எந்தத் தெருவில் என்ன நிறத்தில் நின்றது என்பதற்கு மட்டும் அதன் மேற்பரப்பில் இனிப் பதில் கிடைக்காது. கலைஞருக்கு அது தேவைப்படவில்லை, நமக்குத் தேவை. அவர் செய்ததை உதாரணம் காட்டி நாம் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பது பொருந்தாது.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் மூன்று படங்கள் வேண்டும்: வெளித்தோற்றம், மூடி திறந்த உள்தோற்றம், சோக்கின் மேல் ஒட்டிய சீட்டு. எல்.இ.டி.க்கு மாற்றியவற்றையும் வெளியிடுவோம். ஆனால் எது மூலம், எது புதிது என்பதைப் படத்தின் கீழேயே குறிப்போம். உபரியாக சோக் வைத்திருப்பவர்கள் ஆம்பியரையும் தயாரிப்பாளர் பெயரையும் எழுதி அனுப்பினால் கடைசிப் பக்கத்தில் கட்டணமில்லாமல் போடுகிறோம். 80 வாட் மெர்க்குரி சோக் கேட்டு இப்போதே கடிதங்கள் காத்திருக்கின்றன.