பிளக்கை மாத்து, காயிலை மாத்து... ஏன்னு மட்டும் கேக்காதே!

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் காட்டமான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க :-)

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஃபைபர் வள்ளத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன அவுட்போர்டு மோட்டார் தொங்குமே, பார்த்திருப்பீங்க. அது ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன நடக்குது தெரியுமா? கயிறை இழுக்கிறாங்க, கிளம்பலை. பிளக்கை மாத்தறாங்க, கிளம்பலை. அப்புறம் காயில், அப்புறம் கார்புரேட்டர் கிட். கடைசியில் "இஞ்சினையே இறக்கிப் பாக்கணும்". எதுக்காக மாத்தறோம்னு மாத்துறவரும் சொல்றதில்லை, காசு குடுக்கறவரும் கேக்கறதில்லை. இதுக்குப் பேரு ரிப்பேராம்!

எங்க சித்தப்பாவுக்குப் போன வருஷம் இதுதான் நடந்தது. மோட்டார் கிளம்பும், அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சுடும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது. மெக்கானிக் பிளக்கையும் காயிலையும் மாத்தினார். நாலு நாள் கடல்தொழில் போச்சு. கடைசியில் பக்கத்து வள்ளத்துக்காரர் வந்து பார்த்தா, டேங்க் மூடியில இருக்கிற காத்துத் திருகு மூடியே கிடக்கு! எண்ணெய் குறையக் குறைய உள்ள காத்து வர வழியில்லை, பம்ப் எப்படி இழுக்கும்? திருகைத் திறக்க ஆன செலவு பூஜ்யம்.

"ஏன் சித்தப்பா, எதுக்கு மாத்தறீங்கன்னு அவர்கிட்ட கேக்கலையா?"

"நாம போய் என்னத்த கேக்க மக்கா? அவரு பெரிய ஆளுல்லா."

இந்த "பெரிய ஆளு" பயத்தை வச்சுத்தான் மொத்த வியாபாரமும் ஓடுது.

இதுல சிதம்பர ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் 1909-ல் அவுட்போர்டு மோட்டார் கம்பெனி ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து விஷயம் மூணுதான். எண்ணெய் வரணும், தீப்பொறி வரணும், உள்ள காத்து அமுங்கணும். மூணுல எது இல்லைன்னு கண்டுபிடிக்காம எந்த பார்ட்டை மாத்தினாலும் அது லாட்டரிச் சீட்டு.

கையில ஸ்பானர் எடுக்கறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது அஞ்சு இருக்கு. ஒண்ணு, கில் ஸ்விட்ச் கிளிப் மாட்டியிருக்கா? அது கழண்டிருந்தா தீப்பொறியே வராது. ரெண்டு, கியர் நியூட்ரல்ல இருக்கா? மூணு, மேலே சொன்ன காத்துத் திருகு. நாலு, ஹோஸ் நடுவுல இருக்கிற ரப்பர் பல்பு. அமுக்க அமுக்க அது இறுகணும். இறுகவே இல்லைன்னா ஹோஸோ, கனெக்டர் ஓ-ரிங்கோ காத்து இழுக்குதுன்னு சந்தேகப்படுங்க. சப்பிப் போயிருந்தா டேங்க் பக்கம் அடைப்பு. அஞ்சு, சோக். ஆறின இஞ்சினுக்கு வேணும், சூடான இஞ்சினுக்கு வேண்டாம்.

அப்பவும் கிளம்பலையா? இப்பத்தான் பிளக்கைக் கழட்டணும். மாத்தறதுக்கு இல்லை, பார்க்கறதுக்கு! காஞ்சிருந்தா எண்ணெய் வந்து சேரலைன்னு அர்த்தம். அப்போ காயிலை மாத்தி என்ன பிரயோஜனம்? நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா, எண்ணெய் அளவுக்கு மேல ஏறிடுச்சு, இல்லை தீப்பொறி வரலை. பிளக்கைத் துடைச்சு மாட்டி, சோக்கை எடுத்துட்டு, திராட்டிலை முழுசாத் திறந்து நாலு இழு இழுங்க. அதுக்கும் அசையலைன்னா தீப்பொறியைச் சோதிக்கணும். சிந்தின பெட்ரோலைச் சுத்தமாத் துடைச்சுட்டு, பிளக்கை அதோட தொப்பியில் மாட்டி, துளையை விட்டுத் தள்ளி இஞ்சின் உலோகத்தில் ஒட்ட வச்சு இழுத்தா தெரிஞ்சுடும். தீப்பொறி இல்லைன்னு பார்த்த பிறகு காயில் பக்கம் போங்க, நான் ஏன் தடுக்கப் போறேன்?

நம்ம பக்கம் மண்ணெண்ணெய்ல ஓடற மோட்டாருக்கு இன்னொரு சங்கதி உண்டு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்பவும் பெட்ரோல்ல கொஞ்ச நேரம் ஓடவிடணும். அவசரத்துல அப்படியே நிறுத்தினா கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கிடும். ஆறின இஞ்சின்ல அது சுலபமா ஆவியாகாது. மறுநாள் தோள்பட்டை கழண்டாலும் மோட்டார் கிளம்பாது. கார்புரேட்டர் அடியில இருக்கிற திருகைத் திறந்து வடிச்சுட்டு, பெட்ரோல் ஏத்தினா போதும். இதுக்கும் காயில் மாத்தின கதை ஊர்ல நிறைய இருக்கு.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2025-ல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியாச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா கேன்ல கிடந்த பெட்ரோலை ஊத்திட்டு இஞ்சினைத் திட்டறது நியாயமா?

"அதெல்லாம் புஸ்தகப் படிப்பு தம்பி, அனுபவசாலி சத்தத்தை வச்சே சொல்லிடுவார்"னு சில பேர் வருவாங்க. சொல்லட்டுமே! அனுபவம்னா எந்தச் சோதனையை முதல்ல செய்யணும்னு தெரியறது. சோதனையே வேண்டாம்னா அது குறி சொல்றது.

இஞ்சினியரிங் படிச்ச நாமளும் யோக்கியம் இல்லை. இஞ்சின் படம் வரைஞ்சு 16 மார்க் வாங்கினவங்கள்ல எத்தனை பேர் கல்லூரியில் ஒரு பிளக்கைக் கழட்டி ஈரமா காய்ஞ்சதான்னு பார்த்திருப்பாங்க? ஆபீஸ்ல லாகைப் பார்க்காம "சர்வரை மாத்துங்க"ன்னு சொன்னா டமேஜர் கும்மிடுவார். கடற்கரையில் அதே வேலையைச் செஞ்சா "பெரிய ஆளு".

இது வெறும் காசு விஷயமும் இல்லை. 2017-ல் ஒக்கி புயலைப் பார்த்த ஊர் இது. கரையில மோட்டார் நின்னா நாலு நாள் கூலி போகும். நடுக்கடல்ல நின்னா காத்து எங்க தள்ளுதோ அங்கதான் வள்ளம் போகும். அங்க பார்ட்ஸ் கடை கிடையாது. ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வள்ளத்துல இருக்கணும். காரணத்தைச் சொல்லாம ரிப்பேர் பண்ற ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் உருவாகறதைத் தடுக்கறோம்.

அதனால ஊர்ல மோட்டார் வச்சிருக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லிக் குடுங்க. "இது போச்சுன்னு எந்தச் சோதனையில தெரிஞ்சது?"ன்னு கேக்கணும். கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்கிக்கணும். நல்ல மெக்கானிக் சந்தோஷமா பதில் சொல்லுவார். கோபப்படறவர்கிட்ட மோட்டாரைக் குடுக்காதீங்க.

டிஸ்கி: கும்ம வர்ற மெக்கானிக் அண்ணாச்சிகளுக்கு நல்வரவு. எந்தச் சோதனைன்னு சொல்லிட்டுக் கும்முங்க :-)