ஏரியும் பாரம்பரியச் சின்னமே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம். அன்றைய பேச்செல்லாம் கோயில், கோட்டை, சிற்பம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஏரிகள் கணக்கிலேயே வருவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியை முழு நீர்மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி என்று மழைக்காலச் செய்தியாகத்தான் அறிவோம். இந்த ஏரி இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை, வயது, சொத்துத் தகுதிகள் உட்பட விரிவாகச் சொல்கிறது. தேர்தல் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வாரியம் எதைக் காக்க இருந்தது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

கரையும் மதகும் பலமுறை மாற்றிக் கட்டப்பட்ட ஏரியில் பழமை எங்கே என்று கேட்பார்கள். கல்லணையும் ஆங்கிலேயர் காலத்தில் திருத்தப்பட்டதுதான். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. பழுது பார்க்காத ஏரி தூர்ந்துதான் போகும். ஆந்திரத்தின் கம்பம், போருமாமில்லா ஏரிகளைப் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்புகளாகச் சர்வதேசப் பாசன, வடிகால் ஆணையம் 2020-இல் அங்கீகரித்தது.

எனவே உலகப் பாரம்பரிய தினத்தைச் செம்பரம்பாக்கம் ஏரியிலும் கடைப்பிடிக்க வேண்டும். குடிநீர் ஏரியில் கூட்டம் கூடினால் குப்பை சேரும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். நீர்வளத் துறைப் பொறியாளர்கள் மாணவர்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் சென்று, மதகு எப்படி இயங்குகிறது, உபரிநீர் எவ்வழியே அடையாற்றில் சேர்கிறது என்று காட்டினால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அது தெரிந்திருப்பது ஊருக்கே பாதுகாப்பு. நவம்பரில் வரும் பாரம்பரிய வாரம் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிக்கொள்ளும், ஏப்ரலே தோது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செம்பரம்பாக்கம்