குடத்துக்குள் யார் பெயர்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் வழியில், பாலாற்றங்கரையை ஒட்டி ஓரிக்கை என்னும் ஊர் இருக்கிறது. அதன் பெயருக்கு வைணவ மரபில் ஒரு கதை சொல்வார்கள். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் கணிகண்ணன் என்பவரை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னான். மாணவர் போகும் ஊரில் தமக்கென்ன வேலை என்று ஆசிரியர் திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் இல்லாத ஊரில் தனக்கென்ன வேலை என்று கோயிலில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் புறப்பட்டாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. நாளடைவில் அது ஓரிக்கை ஆயிற்று என்பர். ஊர் பொலிவிழந்தது கண்டு மன்னன் வருந்தி அழைத்தான், மூவரும் திரும்பினர்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதனுள் இருக்கும் உண்மை எல்லாருக்கும் பொது: ஓர் இடத்தைவிட்டு ஒருவர் வெளியேறினால் அவரோடு வேறு பலவும் வெளியேறுகின்றன. நம் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேர்ந்தது இதுவே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முதலில் புறப்பட்டான். அவன் பின்னே அவன் தந்தையின் அக்கறை புறப்பட்டது. அதன் பின்னே அதிகாரியின் அச்சமும், ஊர்ப் பெரியவர்களின் கவனமும் புறப்பட்டன. கதையில் போனவர்கள் மறுநாளே திரும்பிவிட்டார்கள். நம் பள்ளிகளிலிருந்து போனவர்களோ ஒரு தலைமுறை கடந்தும் திரும்பவில்லை.

காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையோரம் நின்று பார்த்தால் இது விளங்கும். ஒரே தெருவின் நான்கு பிள்ளைகள் நான்கு நிறச் சீருடையில் நான்கு திசைகளில் போவார்கள். ஒருவன் மெட்ரிகுலேஷன், ஒருவன் மத்திய பாடத்திட்டம், ஒருவன் தன் சமுதாயத்தார் நடத்தும் பள்ளி. எஞ்சியவன் அரசுப் பள்ளி. ஒரே கடையில் அரிசி வாங்கும் வீட்டார், ஒரே தமிழைப் பேசுவோர். ஆயினும் பதினேழு வயது வரை ஒருவன் பெயரை மற்றவன் அறியான். பிறகு தொழிலிலும் தேர்தலிலும் இவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்!

இந்தப் பிளவை நாடு அறியாமல் இல்லை. 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி குழு, ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் அண்மையிலுள்ள பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டிலேயே உறங்குகிறது. தமிழ்நாட்டில் 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது நடைமுறையாயிற்று. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு முறைகளுக்கும் ஒரே பாடநூல் கிடைத்தது. நல்லதே. ஆனால் பாடநூல் ஒன்றாயிற்று; பலகை ஒன்றாகவில்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை எளியோருக்கு ஒதுக்கியது. அந்த உரிமை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அந்த ஏழைப் பிள்ளையிடம் கட்டணம் கேட்கிறார்கள். பிள்ளைகள் மனிதர்களாக உருவெடுக்கும் உயர்நிலைப் பருவத்தில் பிரிவினை முழுமை பெறுகிறது.

இதற்கு வழி என்ன? கட்டாயமா, கவர்ச்சியா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா பெரும் விலை கொடுத்து விடை தேடியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடா என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி நீதிமன்றங்கள் ஆணையிட்டன. 1974-இல் பாஸ்டன் நகரில் அந்தப் பேருந்துகள் மீது கல் எறிந்தார்கள். அப்போது பலரும் நம்பிக்கையோடு பற்றிய வழிதான் 'காந்தப் பள்ளி'. 1968-இல் டகோமா நகரிலும் அடுத்த ஆண்டு பாஸ்டனிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றியிருந்தன. ஏழைகள் வாழும் பகுதியில் உள்ள அரசுப் பள்ளிக்கே அறிவியல், இசை, நாடகம் என ஏதேனும் ஒரு தனிச்சிறப்பைக் கொடுப்பது. எல்லைக்கு அப்பாலிருந்தும் பெற்றோர் தாமாகவே தேடி வரும்படி செய்வது. வருவோர் மிகுந்தால் சீட்டுப் போட்டு எடுப்பது. இரும்பை அடித்து இழுக்காமல் காந்தம் கொண்டு இழுப்பது போன்றது இது.

எல்லா இடத்திலும் இது வென்றதா? இல்லை. கான்சஸ் நகரில் நீதிமன்ற ஆணையின்படி ஏறத்தாழ இருநூறு கோடி டாலர் செலவிட்டு, நீச்சல் குளம் முதல் கோளரங்கம் வரை கட்டினார்கள். எதிர்பார்த்த புறநகர்ப் பிள்ளைகள் வரவில்லை. கட்டடத்தை மட்டும் கண்டு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்புவதில்லை. ஹார்ட்ஃபோர்டு நகரின் கதை வேறு. 1996-இல் அம்மாநில உயர்மன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், நகரப் பிள்ளையும் புறநகர்ப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் காந்தப் பள்ளிகள் பல எழுந்தன. அங்கும் இடம் சீட்டுக் குலுக்கலால் வந்தது. குலுக்கலில் இடம் கிடைக்காத ஏழைகளின் குறை பல ஆண்டுகள் வழக்காக நீடித்தது என்பதும் உண்மை. எனினும் பாதை தெளிவு: கற்பித்தல் சிறக்க வேண்டும், வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் காந்தம் இழுக்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டன. மாதிரிப் பள்ளிகள் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தன. ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து உயர்கல்விக்கு ஆயத்தம் செய்யும் திட்டம் இது. கூலித் தொழிலாளியின் மகள் நாட்டின் முதன்மையான கல்வி நிறுவனங்களில் கால்வைத்திருக்கிறாள் என்றால் அதைப் பழிக்கும் நாக்கு நமக்கு வேண்டா. பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அங்கே சேர்க்கப்படுவோர் கற்றல் திறன் பார்த்துத் தெரிந்தெடுக்கப்படுவோர். ஓர் ஊரின் அரசுப் பள்ளியிலிருந்து நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளை எடுத்துச் சென்றுவிட்டால், எஞ்சிய பிள்ளைகள் யாரைப் பார்த்துப் படிப்பார்கள்? பாலிலிருந்து ஆடையை எடுத்தபின் மிஞ்சுவதை மற்றவர்க்குக் கொடுப்பது கொடையாகுமா? செல்வர் வீட்டுப் பிள்ளையோ அந்தப் பள்ளிக்கும் வருவதில்லை. ஆகவே அங்கு நிகழ்வது கலப்பன்று, மற்றொரு பிரிப்பு. இழுக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. சேர்க்கும் ஆற்றல் இல்லை.

சேர்க்கும் வழியை உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் அவ்வூரிலேயே இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஊரே கூடியிருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கள்ளத்துக்கு இடமில்லாத ஏற்பாடு! கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகா.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அது பிராமணர் சபை. நிலம் உடையவராகவும் வேதம் கற்றவராகவும் இருந்தவர் பெயரே குடத்துக்குள் சென்றது. உழுதவன் பெயர் இல்லை. நெய்தவன் பெயர் இல்லை. பெண் பெயர் இல்லவே இல்லை. எடுக்கும் கை எவ்வளவு தூயதாயினும், உள்ளே இடப்பட்ட பெயர்களைத்தான் அது எடுக்கும். பள்ளிகளைப் பற்றிய வாதம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது: குடத்துக்குள் யார் பெயர்? கட்டணப் பள்ளியின் குடத்தில் பணமுள்ளவன் பெயர். மாதிரிப் பள்ளியின் குடத்தில் முன்னரே நன்றாகப் படிப்பவன் பெயர். எல்லார் பெயரும் உள்ள குடம் எங்கே?

"சீட்டுப் போட்டால் தகுதி என்னாவது?" என்பார் சிலர். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தகுதி என்று நாம் அளப்பதில் பாதி, அவன் வீட்டில் இருக்கும் மேசையும் விளக்கும் தாயின் ஓய்வு நேரமுமே ஆகும். "சீட்டுப் போடுவது சூதன்றோ?" என்று நம்மவரில் சிலர் தயங்கக்கூடும். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பேணும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து தீர்மானித்த செய்தியைக் குர்ஆன் கூறுகிறது. பயணத்தில் உடன் வருபவர் யார் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மனைவியரிடையே சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். உரிமை எல்லாருக்கும் சமமாய், இடம் மட்டும் குறைவாய் இருக்கும்போது சீட்டே நீதி.

"ஒன்றாக உட்கார வைத்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா?" என்பது கனமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்களே. அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், அரசுப் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. வெறும் அருகிருப்பு போதாது என்பதை ஏற்கிறோம். காஞ்சி நெசவாளரைக் கேளுங்கள்: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சேலையாகாது. இழைக்குள் இழை கோத்துக் கோர்வை போட வேண்டும். ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் பள்ளியில் அந்தக் கோர்வை விழும்.

இனி நம் வீட்டுக் குடத்தையும் திறந்து பார்ப்போம். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியை 1919-லும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் 1951-லும் நிறுவிய முன்னோர், எல்லாச் சமுதாயத்தார்க்கும் அவற்றின் வாசலைத் திறந்தே வைத்தார்கள். இன்றோ சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பை, நம் நிர்வாகிகள் சிலர் கேடயமாகப் பிடித்திருக்கிறார்கள். சிறுபான்மையோர் உரிமை விலைமதிப்பற்றது. அதில் ஓர் அணுவையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேடயத்தின் பின்னே நிற்பது யார்? பீடி சுற்றும் தாயின் மகளா, கட்டணம் செலுத்த வல்லவரின் மகனா? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனமுவந்து செய்வதற்கன்றோ அறம் என்று பெயர்!

2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம். பல சமூகத்தாரையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு ஊக்கம் தரும் வகையில் பன்மைத்தன்மையை அளக்கும் ஒரு குறியீடு வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பக்கத்தை நாம் புரட்டுவதில்லை. பிறர் கதவைத் தட்டும்போது அறிக்கை நினைவுக்கு வருகிறது. நம் கதவை யாராவது தட்டினால் மறந்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியையாவது காந்தப் பள்ளியாக்குங்கள். அதன் சிறப்பு அந்த மண்ணிலிருந்து எழட்டும்: காஞ்சியில் சாயமும் நெசவும் வேதியியலும், உத்திரமேரூரில் ஏரியும் நீரியலும் வேளாண்மையும். பாதி இடம் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு. மறுபாதி, எந்தப் பள்ளியில் படித்த எவரும் பெயர் எழுதி இடக்கூடிய குடத்துக்கு. தேர்வு வேண்டா, கட்டணம் வேண்டா. பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பயணச் சீட்டு ஏற்கெனவே உண்டு. ஓரிக்கையில் அரசுப் பேருந்துப் பணிமனையே இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பேருந்தை அனுப்பினால் போதும். நம் சமுதாயப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் தாமாகவே கால்பங்கு இடங்களைக் குடத்தில் இடட்டும்.

அரசிடம் கேட்பதைவிட அரிது நம்மிடம் நாமே கேட்பது. அப்படி ஒரு குடம் வைக்கப்படும் நாளில், நம் பிள்ளையின் பெயரை முதலில் எழுதி இடுவோமா? அண்டை வீட்டான் போடட்டும், பிறகு பார்ப்போம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால் குடம் காலியாகவே இருக்கும். ஓரிக்கையில் தங்கியவர்கள் அங்கே நிலைத்துவிடவில்லை. அழைப்பு வந்ததும் எழுந்து ஊர் திரும்பினார்கள். நம் பொதுப் பள்ளிகளைவிட்டு வெளியே வந்து தங்கிய இரவு மிகவும் நீண்டுவிட்டது. விடியட்டும், திரும்புவோம்.